டயர்க்காரரின் மெத்தை

மராத்தி ஊரான தாபோடியில் ராணுவ லாரிப் பட்டறையில் முப்பது வருஷம் டயருக்குக் காற்றுப் பார்த்தவர் ரங்கராஜன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகுத் தண்டு போனபின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிக்கொள்ளத்தான் மனைவி மல்லிகா இருந்தாளே!

சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹைவே வண்டிகளைப் பார்ப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே சுகம். அது போய்விடக் கூடாதே என்றுதான் நர்ஸ் ஸ்டெல்லா ஒரு காற்று மெத்தை வாங்க வைத்தாள். இட்லித் தட்டைக் கவிழ்த்தது போல் கறுப்புக் குமிழ்களாக, நாற்காலிக்கு அளவாக இருந்தது.

"இறுக்கி அடிக்காதீங்க ஆன்ட்டி. அங்கிள் அதுக்குள்ள அமுங்கி உக்காரணும். அடியில ஒரு விரல் கனம் காத்து போதும். கெட்டியா இருந்தா புண்ணு வந்துடும். அவருக்கு வலியே தெரியாது."

அவள் படியிறங்கியதும் ரங்கராஜன் விரல் முட்டியால் மெத்தையைத் தட்டினார். "தொளதொளன்னு இருக்கு. நேத்துப் பொறந்த பொண்ணு எனக்குக் காத்தடிக்கச் சொல்லித் தருதா? அடிடி!"

அடித்தாள். ஒருநாள் மட்டும் ஸ்டெல்லா சொன்ன அளவில் நிறுத்திப் பார்த்தாள். ஆடுகிறது, கவிழ்கிறேன் என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மராத்தி மாமி "காய் ஜாலா? என்ன ஆச்சு?" என்று ஓடிவந்துவிட்டாள். மானம் போயிற்று. அப்புறம் தினமும் கல்லாகும் வரை அடித்தாள். அவர் தட்டிப் பார்த்து, "இப்பதான் வண்டி ஓடும்" என்பார்.

ஒருநாள் உடம்பு துடைக்கையில் உட்காரும் இடத்தில் சிவப்பு. அழுத்தினாலும் வெளுக்கவில்லை. வேர்க்குரு என்று பவுடர் போட்டாள் பாவி! மூன்றாம் வாரம் நாற்றம் வந்தது.

ஸ்டெல்லா வந்து பார்த்தாள். புண்ணில் எலும்பு தெரிந்தது. மெத்தையை அமுக்கினாள், அமுங்கவில்லை.

"யார் ஆன்ட்டி இப்படி அடிச்சது?"

ரங்கராஜன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்றாள் மல்லிகா.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகக் குப்புறக் கிடக்கிறார். இனி உட்காரலாம் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

நேற்று, "மல்லி, அந்த மெத்தையக் கொண்டா," என்றார். தட்டப்போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ தடவித் தடவி வால்வைத் திருகினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"இவ்வளவு போதுமா பாரு."

அவள் பார்க்கவில்லை. "அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்றாள்.