சோலூர் பஸ்ஸில் போன டிஸ்க்

இன்று காலை என் நிரலில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினேன். அரைமணி நேரத்தில் லினக்ஸ், பிஎஸ்டி என்று எல்லா இயங்குதளங்களுக்கும் பக்கத்தில், சோதனையில் தேறியதாகப் பச்சைக் குறி வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு முடியவில்லை. காரணம் ஒரு பழைய டிஸ்க்.

டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்குக் கோப்புமுறைமை என்று பெயர். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்த அப்படி ஒன்றில் பல வருஷம் முன்பு நானும் சோலூர்க்காரி செல்வியும் கைவைத்துக்கொண்டிருந்தோம். ஊட்டியில் என்னிடம் லினக்ஸ். சோலூரில் அவளிடம் பிஎஸ்டி. இங்கே எழுதியது அங்கே திறக்க வேண்டும், அதுதான் பரீட்சை. மழை வந்தால் இணையம் படுத்துவிடும். அதனால் டிஸ்க்கைத் துணியில் சுற்றி சோலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். கேரட் மூட்டை வாசனையோடு திரும்பி வரும். இப்போதும் மார்க்கெட்டில் அந்த மண் வாசனை பட்டால் எனக்குப் பதற்றம்தான்.

ஒருமுறை புதிய வசதி ஒன்றை எழுதினேன். பெருமை தாங்கவில்லை, அவளிடம் சொல்லாமலே அந்த டிஸ்க்கில் அதை இயக்கி அனுப்பிவிட்டேன். ஒருதடவை இயக்கிவிட்டால் டிஸ்க்கைப் பழையபடி மாற்ற முடியாது. அவளுடைய பிஎஸ்டிக்கோ அதைப் படிக்க இன்னும் தெரியாது.

மறுநாள் செல்வி போன் செய்தாள்.

"அண்ணா, இங்க தொறக்க மாட்டேங்குதுங்க. அதுல அப்பா குரல் இருக்கு."

அவள் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை அவர் இறப்பதற்குமுன் பதிவு செய்திருந்தாள். வேறு பிரதி இல்லை. சோதனை டிஸ்க்கில் யாராவது அதை வைப்பார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. நாம எழுதினதை நாமே நம்பாவிட்டால் எப்படி என்பது அவள் கட்சி. நானோ, காரணம் தெரிந்திருந்தும், கேபிளை மாற்றிப் பார் என்று கூசாமல் சொன்னேன்.

கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு அவளே பஸ்ஸில் வந்தாள், டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு. இங்கேயாவது திறக்குமா என்ற நிச்சயமில்லாமல் என் லினக்ஸில் சொருகினேன். புதிய வசதியும் என் கைவேலைதானே. திறந்தது. அவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். தப்பு என்னுடையது என்று அப்போதுதான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்லீங்கண்ணா. இனிமே மாத்துறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

வருஷக்கணக்காகச் சொன்னேன். பிறகு லினக்ஸுக்கு ஒன்று, பிஎஸ்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த நிரல் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்தது. சோதனையை இயந்திரங்களே எடுத்துக்கொண்டன. செல்வி வெளிநாட்டு வேலைக்குப் போய் இதை விட்டுவிட்டாள். இன்று காலை அனுப்பும்முன் என் விரல் கொஞ்சம் நின்றது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மறுமுனையில் யாருமில்லை.