ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு மலை

செங்கம் சாலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆம்ஸ்டர்டாமை வரைகிறேன். ஓவியம் படிக்கப் போன ஊர். திரும்பி வந்ததிலிருந்து அதை எத்தனை முறை வரைந்தாலும் காலண்டர் படம்போல உயிரில்லாமல் வருகிறது. அங்கே வாங்கிய தாளில் இதுதான் கடைசி. கால்வாய், ஒல்லி வீடுகள், கூரைகளுக்குப் பின்னால் பெரிய மழைமேகம்.

டீ கொண்டுவந்த கடைக்கார அம்மா மேகத்தைப் பார்த்ததும் கிளாசை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

“மலை அப்படியே வந்துடுச்சு தம்பி. தீபந்தான் காணோம்.”

“இது வெளிநாடுங்க. அந்த ஊர்ல மலையே கிடையாது.”

“அதான் நீங்க வெச்சிட்டீங்களே!”

எதிரே அண்ணாமலையை நிமிர்ந்து பார்க்கிறேன். அதே சரிவு. தூரிகையைக் கழுவி, மேகத்தின் உச்சியில் ஒரு துளி செம்மஞ்சள் வைக்கிறேன். தீபம் எரிந்தால் கால்வாய்த் தண்ணீரிலும் தெரியுமே. அங்கேயும் ஒரு துளி.