சித்திக்கு அனுப்பிய பால்மா

இலங்கையில் எங்கள் ஊரில் புயலடித்து வெள்ளம் ஏறியபோது, லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் ஆட்களுக்கு இரக்கம் பொங்கி வழிந்தது. கோயில் மண்டபத்தில் சாமான்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். கம்பளிக் கோட்டுகள், கையுறைகள், ஒரு மாமி கொடுத்த குதியுயர்ந்த சப்பாத்துகள். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களுக்கு லண்டன் குளிர்காலத்தையே மடித்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் ஒரே தங்கச்சி அந்த வெள்ளத்துக்குள்தான் இருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தார் சித்தி. குழந்தைக்குக் காய்ச்சல், தாய்ப்பாலும் வற்றிவிட்டது. அம்மா கடைகடையாக ஏறி இறங்கிப் பால்மா டின்களும் காய்ச்சல் மருந்தும் வாங்கி, பெட்டியின் மேல் சித்தியின் பெயரைப் பெரிதாக எழுதிக் கொண்டுபோனார். மண்டபத்தில் பொறுப்பாக நின்ற அண்ணை அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பெயர் போட ஏலாது அக்கா. இது எல்லாருக்கும் போறது. யோசிக்காதேங்கோ, எங்கட ஆக்கள் நேர கொண்டுபோய்க் குடுப்பினம்."

சொல்லிக்கொண்டே பெயருக்கு மேல் டேப் ஒட்டினார்.

பெட்டி கப்பலேறியது. பிறகு கொழும்புத் துறைமுகத்தில் கிடக்கிறது என்றார்கள், யாரோ பெரியவர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அம்மா அண்ணைக்குப் போன் எடுத்து எடுத்தே களைத்துப்போனார். கடைசியில் ஒருநாள், எல்லாம் கொடுத்து முடிந்தது என்று அவரே சொன்னார். அம்மா உடனே சித்தியை அழைத்தார். நானும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டார்.

"பால்மா வந்திட்டுதே?"

"ஓம் அக்கா."

நான் துள்ளிக் குதித்தேன்.

"பிள்ளை குடிக்கிறானே?"

"ஓம் அக்கா."

"காய்ச்சல் விட்டிட்டுதே?"

"ஓம் அக்கா."

அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அம்மா போனைக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அங்க ஸ்னோ கொட்டுதே, தங்கச்சி?"

"ஓம் அக்கா."

சித்தி பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தப் பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரவே இல்லை. குழந்தை அந்த அழைப்புக்கு முன்பே செத்துப்போயிருந்தது. இரண்டையும் நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். இன்றும் யாராவது நிவாரணம் என்று வந்து நின்றால் எனக்குக் கொடுக்கவும் மனம் வருவதில்லை, கொடுக்காமல் அனுப்பவும் முடிவதில்லை.

அன்றைக்கு அந்த அழைப்பு முடிந்ததும் அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பால்மாதான் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் அழுகிறீர்கள் என்று நான் அவரோடு கோபித்துக்கொண்டேன்.