அத்தை லேமினேட் செய்த பத்திரம்

இரும்புலியூர் வீட்டை விற்பது என்று அப்பா முடிவு செய்தபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டை விற்பதென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். முதலில், தாத்தா இறந்துவிட்டார் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டுமாம். கல்லறைத் தோட்டம் வரை போய் மண் போட்டுவிட்டு வந்த நாங்கள் சொன்னால் செல்லாது. அடுத்தது, அப்பாவும் அத்தையும் அவருடைய பிள்ளைகள்தான் என்று வாரிசுச் சான்று. அதற்காக ஓர் அதிகாரி வந்து, வாசலில் அத்தை நின்றுகொண்டிருக்கும்போதே, அத்தை யார் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தார். பிறகு பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். வீட்டில் வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று காட்டும் காகிதத்துக்குப் பெயரோ வில்லங்கச் சான்று. எனக்குத் தலை சுற்றியது.

இத்தனையையும் அலைந்து வாங்கியது அத்தைதான். அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். அப்பாவுக்கு ஆபீஸில் லீவு கிடைக்காது. அத்தைதான் அரைநாள் லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்பாள். ஒவ்வொரு காகிதத்துக்கும் மூன்று நகல் எடுத்து, எது எப்போது வந்தது என்று குறித்து, ஃபைலில் வைப்பாள்.

அப்பா மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். இரண்டு படுக்கையறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, இன்னொன்று எனக்கும் அண்ணனுக்கும் என்று அம்மா சொன்னாள். அத்தைக்கு எது என்று கேட்டேன். பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்றாள் அம்மா. நான் பேச்சில் எங்கே தலையிட்டேன், கட்டில் எங்கே போடுவது என்றுதானே கேட்டேன்?

வீட்டை வாங்க வந்தவர் தாம்பரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். தங்கமான மனிதர். பேங்க்கில் லோன் போட்டுத்தான் வாங்குவதாக இருந்தார். அதனால் தாத்தா பெயரில் இருந்த அசல் கிரயப் பத்திரத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலைக் கூட்டிவருவதாகச் சொன்னார். சனிக்கிழமை அத்தை அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். லேமினேட் செய்யச் சொன்னாள். கடைக்காரர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"டீச்சர், இது ஒரிஜினலாச்சே. இத்த லேமினேட் பண்ணா பேங்க்ல செல்லாதும்பாங்க. ஜெராக்ஸ வேணா பண்ணித் தரேன்."

"பரவால்ல, இதையே பண்ணுங்க" என்றாள் அத்தை.

ஒவ்வொரு தாளும் மெஷினுக்குள் போய்ப் பளபளவென்று வெளியே வந்தது. சூடாக இருந்த அந்தத் தாள்களை வீடு வரைக்கும் நான்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வக்கீல் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரைத்தாள் அசல்தானா என்று தொட்டுப் பார்க்கவே முடியாது, பேங்க்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். பாய் வருத்தப்பட்டுக்கொண்டே பார்ப்போம் என்று எழுந்து போனார். அவர்கள் தெருமுனையைத் தாண்டவில்லை, அப்பா பிளேடை எடுத்து ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காகிதமும் கிழிந்து வந்தது.

அப்பா சத்தம் போட ஆரம்பித்தார். அத்தையை அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறதே, நனையாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன், தெரியாது என்றாள் அத்தை.

"யாருகிட்டயாவது ஒரு வார்த்த கேட்டியாக்கா?" என்று அப்பா கத்தினார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் செய்தாள் என்பது அநியாயம் இல்லையா? கூடவே இருந்தவள் நான்.

"கேட்டாங்கப்பா. கடைக்காரர் செல்லாதுன்னு சொன்னாரு. பரவால்ல பண்ணுங்கன்னு அத்தைதான் சொன்னாங்க."

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்க்கவில்லை. அப்பா, "விக்க வேணாம்னா சொல்லியிருக்கலாமேக்கா" என்றார், மெதுவாக. அத்தை எழுந்துபோய்ச் சோறு வடித்தாள்.

மறுநாள் அத்தை லீவு போட்டுவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அது வரும்வரை பாயும் காத்திருந்தார். எப்படியோ பேங்க்கும் ஒத்துக்கொண்டது. கிரயத்தன்று முதல் கையெழுத்து அத்தையுடையது. அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டை யாராலும் விற்றிருக்க முடியாது என்பது எனக்குத் தெரிய இன்னும் இருபது வருடம் ஆனது. தம்பி முகத்தைப் பார்த்து அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

நாங்கள் மேடவாக்கம் போன அதே வாரம் அத்தை வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் சேர்ந்தாள். பெட்டியை இறக்கி வைக்க அப்பாவோடு நானும் போனேன். அப்பா வண்டியை எடுக்கப் போன நேரத்தில் என் பெருமையை அத்தையிடம் சொல்லிக் காட்டினேன்.

"அன்னிக்கு நான் சொன்னதாலதான அத்தை, அப்பா திட்டுறத நிறுத்தினாரு?"

அத்தை என் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு, "ஆமாம்மா, உன்னாலதான்" என்றாள்.

பரிசு வாங்கியவள் மாதிரி வண்டியில் ஏறி உட்கார்ந்து, அத்தைக்கு நான் கையசைத்தேன்.