நிற்கும்வரை ஓட்டுகிற வேலை

கார் திருத்துகிற தொழிலில் ஓடாத காருக்கு யாரும் பயப்படுவதில்லை. ஓடிக்கொண்டே வந்து நடுறோட்டில் நிற்கிற காருக்குத்தான் பயம். இவருடைய வேலை உடுப்பை ஊறப்போட்டு, காலரில் பிடித்த கிறீஸைப் பழைய பல் பிரஷால் தேய்த்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். கை ஈரம் என்பதால் போனைத் தள்ளி வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அதுவே எழுதுகிறது.

இவர், என் கணவர், மெக்கானிக். கிரான்பர்னில் எங்கள் வீட்டுக் கராஜில்தான் வேலை. ஓடும்போது நிற்கிற காரை நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒரு பிழையும் காட்டாது. ஒருவர் ஓட்ட வேண்டும், இவர் பக்கத்தில் லப்டொப்பை மடியில் வைத்து எஞ்சினைப் பார்க்க வேண்டும். ஓட்டுவது நான். புது லைசன்ஸ்காரி. எந்தக் காரில் ஏறினாலும் முதலில், ஓட்டுகிறவர் புதிசு என்று காட்டுகிற என்னுடைய பச்சைப் ‘பி’ அட்டையை ஒட்ட வேண்டும். உங்களில் யாருக்காவது கார் அப்படி நின்றிருந்தால், என் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

மரமாகிப் போன ஸ்டியரிங்

முதல் கார் ஒரு கடைக்கார அங்கிளுடையது. வேகம் குறைத்தால் நிற்குமாம். “நானும் வாறன்” என்று அவரும் பின் சீற்றில் ஏறிவிட்டார். ரவுண்டபவுட்டுக்குக் கிட்டப் போய்க் காலை எடுத்தேன். சத்தம் அப்படியே அடங்கியது. ஸ்டியரிங் மரம் மாதிரி. பிறேக் ஒருதரம் பிடித்தது, பிறகு கல். கிண்டர் பாலர் பள்ளியில் இருக்கிற மகளை இன்றைக்கு யார் கூட்டிவருவது என்பதுதான் எனக்கு வந்த ஒரே யோசனை.

“திறப்பில கை வைக்காதையும், ஸ்டியரிங் பூட்டிப்போடும். ரெண்டு கையாலயும் இழுத்து இடப்பக்கம் திருப்பும்” என்றார் இவர், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்கிற குரலில். இழுத்தேன். புல்லுக்கரையில் போய் நின்றது. எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாயில் கரி அடைத்திருந்தது, கழுவியதும் சரி. ஆனால் அன்று அங்கிள் இறங்கிப் பின்பக்கம் போய் என் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, இதை முதலே கண்டிருந்தால் நான் வீட்டிலயே நிண்டிருப்பன்.”

திறப்பில் தொங்கிய வேல்

அடுத்தவர் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. றோட்டில் மேடு வந்தால் அவர் கார் செத்துவிடும். இரண்டு கராஜில் ஏதேதோ மாற்றியும் பயனில்லை. அவர் விட்டுப்போன இரண்டாவது திறப்பை, அவர் பேச்சில் சாவியை, போட்டு நான் ஒவ்வொரு மேடாகக் கண்ணை மூடாத குறையாக ஏறி இறங்கினேன். ஒன்றும் இல்லை. அவரை வரச்சொல்லி, “நீங்களே ஓட்டுங்கோ” என்றார் இவர். முதல் மேட்டிலேயே நின்றது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்க, பின் சீற்றில் இருந்த நான் முன் சீற்றைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

இவர் அவருடைய திறப்புக் கொத்தைப் பார்த்தார். வீடு, ஒபிஸ், கோயில் சாமான் அறை, தபால் பெட்டி என்று எல்லாத் திறப்பும், நடுவில் கையளவு பித்தளை வேலும் மணியும். காரைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிவிட்டு கொத்தை விரலால் மெல்ல ஆட்டினார். எஞ்சின் நின்றது. அந்தப் பாரம் வருஷக்கணக்காகத் தொங்கி, திறப்புப் போடுகிற சுவிச் உள்ளே தேய்ந்திருந்தது. சுவிச்சை மாற்றலாம், ஆனால் கொத்தைக் கழற்றத்தான் வேணும் என்றார். அந்த அண்ணா வேலையும் மணியையும் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அப்ப முருகனைக் கழட்டி வச்சிட்டு ஓட்டணுமா? சார், இத நீங்களே என் வீட்டம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க.”

மஞ்சள் லைற்

ஒரு அன்ரியின் காரை ஹைவேயில் ஓட்டினேன். பின்னால் லொறி, கண்ணாடி முழுக்க அதன் முகம். “விழுகுது, விழுகுது” என்றார் இவர். பெற்றோல் அமுக்கம் விழுகிறதாம். குரலில் அவ்வளவு சந்தோஷம்! எஞ்சின் நின்றதும் “பிடிச்சிட்டன்!” என்று தொடையில் தட்டினார். நான் நியூட்ரலில் போட்டு, நான்கு லைற்றையும் மினுக்கி, இருந்த வேகத்திலேயே ஓரத்துக்கு உருண்டேன். லொறி கடந்தபோது கார் ஆடியது. நான் அதைவிட ஆடினேன்.

எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்புகிற பம்ப், தாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கியிருந்தால்தான் சூடாகாதாம். அன்ரியோ பெற்றோல் முடிகிறதென்று மஞ்சள் லைற் எரிய எரியவே ஓடித் திரிகிறவர். பம்ப் கருகிவிட்டது. ஏன் அன்ரி பெற்றோல் அடிக்கவில்லை என்று கேட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டார்: “விலை விழும் விழும் எண்டு காத்துக்கொண்டிருந்தனான், கடைசியில பம்ப் எல்லோ விழுந்துபோச்சு!”

நிற்காத கார்

ஒரு நேர்ஸ் தங்கச்சியின் கார் இரண்டுமுறை ஹைவேயில் நின்றதாம். நாங்கள் இரண்டு நாள் ஓட்டியும் நிற்கவில்லை. ஒவ்வொருமுறையும் வீட்டு வாசலுக்கு வந்ததும் எனக்கு நிம்மதி. “பிழை ஒண்டும் காட்டேல்ல. நாளைக்குக் குடுத்துவிடுவம்” என்றார் இவர். என் அட்டையைக் கழற்றும்போது பின் கண்ணாடிக்குள்ளால் குழந்தை சீற் தெரிந்தது. அதில் பால் துடைத்த துணி ஒன்று. என் கையில் நிற்காவிட்டால் அவள் கையில்தானே நிற்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நானாக வாய் திறந்து பேசுகிற ஆள் இல்லை. “இஞ்சேருங்கோ, இன்னொருக்கா ஓடிப் பார்ப்பம்” என்றேன். “உமக்குப் பயமெல்லோ?” “பயம்தான்.”

மறுநாள் நல்ல வெக்கை. நெடுக ஓட்டி, ஒரு கார் பார்க்கில் ஏசியைப் போட்டபடி எஞ்சினைக் கொதிக்கவிட்டு, திரும்ப வெளிக்கிட்டோம். வலப்பக்கம் திரும்பும்போது, எதிரே ஒரு வான் வண்டி வர, நின்றது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. முழுப் பலத்தோடு ஸ்டியரிங்கை இழுத்தேன். மிச்சமிருந்த உருளலில் கார் குறுக்கு றோட்டுக்குள் போய் விழுந்தது. இந்தமுறை இவர் “பிடிச்சிட்டன்” என்று சொல்லவில்லை. லப்டொப் காலடியில் கிடந்தது. என் தோளைப் பிடித்தபடி இருந்தார். எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கிற சின்ன சென்சர் ஒன்று, சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்க்கிறதாம். மாற்றி, அதே வெக்கையில் திரும்பவும் ஓட்டிவிட்டுத்தான் கொடுத்தோம். தங்கச்சி குழந்தையை சீற்றில் கட்டிக்கொண்டே கேட்டாள்: “இனி நிக்காதோ அக்கா?” பெல்ற்றை இழுத்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “நீங்கள் ஓட்டிப் பார்த்தனீங்கள்தானே, எனக்கு அது போதும்.”

ஆக, ஊரில் எல்லாரும் கார் நிற்காமல் ஓட வேண்டும் என்று கும்பிட்டு ஏற, நான் ஒருத்திதான் பயந்து பயந்து, நிற்கிறதென்றால் என் கையிலேயே நின்று தொலை என்று கும்பிட்டு ஏறுகிறேன், அதுவும் — இந்தா, “இஞ்சேரப்பா, கெதியா வாரும், இது பாலத்தில ஏறேக்க நிக்குதாம்” என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார், நான் கையைத் துடைத்துக்கொண்டு