எங்கள் மசாலாவோடு திரும்பி வந்த இறைச்சி

சூலியா தெருவில் எங்கள் அத்தாவின் சாப்பாட்டுக் கடையை அறியாதவர்கள் குறைவு. ஹஜ்ஜுப் பெருநாளன்று அவர் கொடுக்கும் குர்பானி இறைச்சியை அறியாதவர்கள் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் கடையில் அரைத்த மசாலாத்தூள் பாக்கெட் ஒன்றைச் செருகி, அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மூன்று வருடங்களுக்கு முன் பெருநாள் மாலை, பக்கத்துத் தெரு அக்கா ஒரு பை இறைச்சி கொண்டு வந்தார். ஐஸ்பெட்டியில் இடம் இல்லை. எங்கே வைப்பது என்று அலுத்துக்கொண்டே பையைப் பிரித்தேன். உள்ளே எங்கள் மசாலா. காலையில் யாருக்கோ கொடுத்த பொட்டலம், இரண்டு மூன்று வீடு சுற்றிவிட்டு எங்களிடமே வந்து சேர்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தா சிரிக்கவில்லை.

நான் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கே என்னோடு வேலை பார்த்த கம்போடிய முஸ்லிம் பெண், வெளியிலிருந்து யாராவது குர்பானி அனுப்பினால்தான் தன் கிராமத்தில் பெருநாளுக்கு இறைச்சி என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. அடுத்த வருடம் நம் குர்பானியை அங்கே அனுப்பலாம் என்றேன் அத்தாவிடம்.

அண்டை வீட்டாருக்குத்தான் முதல் உரிமை என்றார் அத்தா.

"உரிமை இருக்கு அத்தா. பசி இருக்கா?"

கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. கொடுத்தே பழகிய கை அது. இறைச்சி இல்லாமல் அந்த வாசல்களில் போய் நின்றால் கடை நொடித்துவிட்டது என்று ஊர் பேசும். அதைவிடப் பெரிய அடி அவருக்குக் கிடையாது.

அடுத்த பெருநாளுக்குச் சில வாரம் இருக்கும்போது அவரே குர்பானிப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கம்போடியாவுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு பங்கை மட்டும் இங்கே வைத்துக்கொண்டார். அது கடையில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு. அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள். அத்தனை நியாயம் பேசிய நான் அந்த அக்காவை மறந்தே போயிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

பெருநாள் காலையில் அத்தா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூடையை என் கையில் கொடுத்தார். உள்ளே மசாலா பாக்கெட் மட்டும். ஒரு வீட்டையும் விடாமல் போனோம். பக்கத்துத் தெரு அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கடையில வியாபாரம் சரியில்லையா அண்ணே?"

"வியாபாரம் நல்லாத்தான் இருக்கு லா. நமக்குத்தான் பசி இல்ல. இந்த வருஷம் குர்பானிய பசிச்சவங்களுக்கு அனுப்பியாச்சு."

குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னார். எதிர் வீட்டு வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

கூடையோடு பின்னால் போனேன். அந்தத் தெருவில் என்னைத் தெரியாதவர் யாருமில்லை. இருந்தும், நீ யார் மகள் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது.