துலக்கிய குடங்கள் மட்டும்

எங்கள் ஊர் ஊருணிக்கரையில் புதிதாக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பேரூராட்சி மன்றத் தீர்மானப்படி என்று தொடங்கி, குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, பிளாஸ்டிக் பை வீசக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லாம் நியாயமான விதிகள்தான். இருந்தும், சென்ற முறை காரைக்குடிப் பக்கம் போனபோது வெயிலில் நின்று அதை இரண்டு தடவை படித்தேன். ஒரு விதி எதைச் சொல்கிறது என்று பார்த்து முடித்ததும், யாரைச் சொல்லாமல் சொல்கிறது என்று தேடுவது என் வழக்கம். உத்தியோகக் காலம் முழுக்க உள்ளாட்சிகளுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தவன் நான். அதனால் வந்த பழக்கம் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது அரைக்கால் சட்டை போட்ட வயதில் வந்தது.

அப்போது என் தந்தைதான் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். நாங்கள் அவரை அப்பச்சி என்று கூப்பிடுவோம். நான் கடைக்குட்டி. கூட்டத்துக்குப் போகும்போது என்னையும் சில நாள் கூட்டிப்போவார். பஞ்சாயத்து ஆபீசின் ஜன்னல் அகலமானது. அதில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடுவில் நீள மேஜை. அதன்மேல் பச்சைத் துணி, ஒரு வெண்கல மணி, மூடி போட்ட வெள்ளித் தம்ளரில் அப்பச்சிக்குத் தண்ணீர். சுற்றி உறுப்பினர்கள். யாராவது ஒருவர் வடக்குத் தெரு முனை இருட்டாக இருக்கிறது என்பார். குமாஸ்தா எழுதியதை வாசிப்பார். அப்பச்சி, "ஆதரிக்கிறவுக கை தூக்குங்க" என்பார். கைகள் எழும். சில நாளில் வடக்குத் தெரு முனையில் கம்பம் நட்டு விளக்கு எரியும். எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிள்ளையாரிடம் நான் கேட்டுவைத்த கிரிக்கெட் மட்டை வருடக் கணக்காக வரவில்லை. இந்த மேஜையில் கேட்டால் விளக்கே வருகிறது. உலகத்திலேயே பெரிய சக்தி அந்தப் பச்சைத் துணிக்குத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

வீட்டிலும் கூட்டம் நடத்தினேன். பாகற்காய் சமைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து கையைத் தூக்கினேன். அக்காள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு கைதான் இருக்கு. தீர்மானம் தோத்துப் போச்சு, தின்னு" என்றாள்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றிவிட்டது. கரைக்கு அப்பால் குடியிருந்தவர்கள் அதுவரை கண்மாயில் தோண்டிய ஊற்றில்தான் குடிதண்ணீர் எடுத்தார்கள். ஊருணிக்கு அவர்கள் வந்ததில்லை. வரக் கூடாது என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லாதபடி ஊர் இருந்தது. ஊற்றில் சேறு மட்டும் மிஞ்சியபோது அவர்களில் நாலைந்து பேர் கூட்டத்தன்று ஆபீஸ் வாசலில் வந்து நின்று, ஊருணியில் தண்ணீர் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அவர்களில் ஒருவர் ஊருக்குத் தண்டோரா போடுகிறவர். அவர் மனைவி இருளாயி எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையைக் கூட்டி அள்ளுகிறவள். பல் விளக்கிக்கொண்டே நான் அவளிடம் கதை கேட்பதுண்டு.

அப்பச்சி அவர்களை மரியாதையாகத்தான் அனுப்பிவைத்தார். பேசி முடிவு சொல்வதாகச் சொன்னார். அவர்கள் போனபின் வடக்குத் தெரு உறுப்பினர், பெரிய மீசை வைத்தவர், மெதுவாக ஆரம்பித்தார்.

"வரக் கூடாதுன்னு சொல்ல முடியாது. சட்டம் வந்திருச்சு, சொன்னா நம்மளத்தான் உள்ள தள்ளுவாக. ஆனா எந்தப் பாத்திரத்த முக்கலாம்னு சொல்றதுக்கு நமக்கு உரிமை இருக்குல்ல?"

அன்றைய தீர்மானம் இன்றும் எனக்கு மனப்பாடம். ஊர்ச் சுகாதாரத்தை முன்னிட்டு ஊருணியில் மண்பானை, தகர டின் ஆகியவற்றை முக்கலாகாது. துலக்கிய பித்தளை, செப்புக் குடங்கள் மட்டுமே அனுமதிக்கப்படும். குமாஸ்தா வாசித்தபோது எனக்கு ஒரே பிரமிப்பு. யாரையும் குறை சொல்லவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. சுத்தம் என்றால் நல்லதுதானே. எல்லாக் கைகளும் எழுந்தன. ஜன்னலில் இருந்தபடி நானும் என் கையைத் தூக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பச்சியும் சிரித்தார்.

கரைக்கு அப்பால் எந்த வீட்டிலும் பித்தளைக் குடம் கிடையாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

மறுநாள் தண்டோரா. அனுமதி கேட்டு வந்து நின்ற அதே மனிதர்தான் தெருத் தெருவாக அடித்துச் சொன்னார். அது அவர் வேலை. நான் பின்னாலேயே போனேன். ஒரு சொல் பிசகாமல் ஒவ்வொரு முனையிலும் அவர் அதைச் சொன்ன அழகு எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுப் பின்புறம் வந்தபோது இருளாயி சாணிக்கூடையோடு நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "இன்னும் உரக்கச் சொல்லுய்யா, நம்ம வீட்டுப் பானைக்குக் காது கேக்கணும்ல" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த முனைக்கு நடந்தார்.

எங்கள் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நான் ஊருணிக்குப் போக ஆரம்பித்தேன். பள்ளிக்கூட விடுமுறை, வேறு வேலையும் இல்லை. முதல் இரண்டொரு நாள் மண்பானையோடு வந்த பெண்களை, ஊருணி வாசலில் பஞ்சாயத்து வைத்திருந்த காவல்காரர் திருப்பி அனுப்பினார். அதன்பிறகு ஒரு காலையில் ஒரு அதிசயம் கண்டேன். ஊருணியைச் சுற்றியிருந்த மதிலுக்கு வெளியே மண்பானைகள் வரிசையாக நின்றன. பளபளவென்று ஒரே ஒரு பித்தளைக் குடம் மட்டும் வாசல் வழியாக உள்ளே வந்தது. அதைக் கொண்டுவந்தவள் முக்கி எடுத்துப்போய் வெளியே தன் பானையில் ஊற்றினாள். அடுத்தவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பிறகு இன்னொருத்தி. காவல்காரர் ஒவ்வொரு தடவையும் குடத்தைப் பார்த்தார்; குடம் துலக்கித்தான் இருந்தது. அவர் வழிவிட்டார். ஒரு குடியிருப்பின் தாகம் முழுவதையும் ஒரு குடம் சுமந்து தீர்ப்பதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இவ்வளவு பெரிய அதிசயத்தை மனதில் வைத்துக்கொள்ள முடியுமா? மத்தியானம் சாப்பிடும்போது அப்பச்சியிடம் சொன்னேன்.

"ஒரே குடந்தான் அப்பச்சி, மாத்தி மாத்தித் தூக்கிட்டு வாராக. அதோட கழுத்துல, நம்ம மேல்வீட்டுச் சாமான்ல இருக்கிற மாதிரியே பேர் வெட்டியிருக்கு."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் பெயரைச் சுருக்கி வெட்டிவிடுவார்கள். என் தாயை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தாவின் சீர்க் குடங்கள் மேல்வீட்டு அறையில் கூரை தொட அடுக்கியிருந்தன. பெரும்பாலானவை தண்ணீரையே கண்டதில்லை. சாவி அவள் இடுப்பில் இருக்கும். நான் சொல்லி முடித்தபோது பரிமாறிக்கொண்டிருந்த ஆத்தாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்பச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள், "ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். ரசம் நன்றாகத்தானே இருந்தது என்று நான் நினைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் புதுத் தீர்மானம் வந்தது. பெயர் வெட்டிய குடத்தை அந்தப் பெயருக்குரிய வீட்டார் மட்டுமே ஊருணிக்குக் கொண்டுவர வேண்டும், இரவல் கூடாது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அப்பச்சியேதான். "நம்ம வீட்டுச் சின்னவன் பாத்துச் சொன்ன விசயம்" என்று அவர் சொன்னபோது உறுப்பினர்கள் என் பக்கம் திரும்பினார்கள். மீசைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். என் வாயிலிருந்து வந்தது சட்டமாகிவிட்டது. அன்று சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை.

மறுபடியும் தண்டோரா போட்டார்கள். அடுத்த நாள் காலை, ஆத்தா மேல்வீட்டிலிருந்து, திரும்பி வந்திருந்த அந்தக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கினாள்.

இதில் என்ன இருக்கிறது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீருக்குப் போவதில்லை; அதற்கு ஆள் உண்டு. கோயிலுக்குப் போனாலே இரண்டு பேர் துணைக்குப் போவார்கள். தலைவர் வீட்டு ஆச்சி என்று ஊர் மதிக்கும் ஆத்தா தனியாகக் குடத்தோடு நடந்துபோனதும் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. அவள் படியிறங்கினாள், முக்கினாள், சுமந்துகொண்டு மேலேறினாள். வாசலுக்கு வெளியே போய் வரிசையில் இருந்த முதல் மண்பானையில் ஊற்றினாள். திரும்பவும் உள்ளே வந்தாள். அவள் பெயர் வெட்டிய குடம், அவளே கொண்டுவருகிறாள். காவல்காரர் எழுந்து நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

நான் அரசமரத்தடியில் என் வயதுப் பையன்களோடு இருந்தேன். ஒருவன், "டேய், ஒங்க ஆத்தாவ வேலைக்கு விட்டுட்டாகளாடா?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கொஞ்ச நேரத்தில் மீசைக்காரரும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் வந்து கரையில் நின்றார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தவர் இப்போது என்னைப் பார்க்கவேயில்லை.

ஆத்தாவுக்குப் பழக்கமில்லாத வேலை. சில நடைக்குப் பிறகு நிறைகுடத்தைப் படியிலிருந்து தூக்கி இடுப்பில் ஏற்ற அவளால் முடியவில்லை. செம்புறாங்கல் படியில் குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். மரத்தடியில் நான் இருப்பது தெரிந்தது.

"அப்பு, வந்து ஒரு கை பிடி."

நான் கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதை எழுத எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அவளுக்கும் எனக்கும் நடுவில் சில எட்டு தூரம்தான் இருந்தது. அவள் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்டது என்று அவளுக்கும் தெரியும். இரண்டாம் தடவை அவள் கூப்பிடவில்லை.

அப்போது வாசல் பக்கம் அரவம் கேட்டது. இருளாயி மதில் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. காவல்காரர் பதறிப்போய், "நீ எங்குட்டு வார?" என்று குறுக்கே போனார்.

இருளாயி நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "பானையத்தானே வரக் கூடாதுன்னீக. எம் புருசன்தான் தெருத் தெருவாச் சொன்னாரு, நானும் கேட்டேன். கையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

காவல்காரர் கரையில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அத்தனை கவனமாக எழுதிய விதியில் இதற்குப் பதில் இல்லை. இருளாயி படியிறங்கினாள். முதல் படியில் கால் வைக்கும்போது குனிந்து தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு குடத்தின் ஒரு பக்கம் ஆத்தாவும் மறுபக்கம் அவளும் பிடித்துத் தூக்கினார்கள். வெயில் ஏறும்வரை அப்படியே நடந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் பச்சைத் துணியைப் பார்த்து வியந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும்படி ஏதோ ஒன்று என் கண் முன்னால் நடக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை. என் கை மட்டும் கனத்துக் கிடந்தது.

அதற்கடுத்த கூட்டத்துக்கும் ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். மீசைக்காரர் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். குடத்தைத் தொடுகிற கைகளைப் பற்றிய வரி. குமாஸ்தா வாசித்தார். அப்பச்சி வழக்கம்போல், "ஆதரிக்கிறவுக கை தூக்குங்க" என்றார். கைகள் எழுந்தன. அப்பச்சியின் கை மேஜைமேல் பச்சைத் துணியிலேயே கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்த கைகளில் ஒன்று இறங்கியது. பிறகு இன்னொன்று. கடைசியில் மீசைக்காரர் கை மட்டும் தனியாக நின்றது. அவரும் துண்டைச் சரிசெய்வதுபோல் அதை இறக்கிக்கொண்டார். குமாஸ்தா அடுத்த பொருளை வாசித்தார்.

பழைய தீர்மானங்களை யாரும் ரத்து செய்யவில்லை. ஆனால் அவற்றைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பவும் இல்லை. எனக்குத் தெரிந்தவரை அவை இன்னும் அமலில்தான் இருக்கின்றன. ஆத்தா கடைசிவரை அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்டிருக்கலாம் என்று பட்டது.

அன்று அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் கை தூக்கவில்லை என்று அப்பச்சியிடம் கேட்டேன். "கை வலிக்குதுடா" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமல் நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். எந்தக் கை என்று அப்பச்சியிடம் கேட்டு, அவர் நீட்டிய வலக்கையைத் தோளிலிருந்து விரல் நுனிவரை நீவிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஆத்தா நிலைப்படியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வலி போய்விட்டதா என்று நடுநடுவே கேட்டேன். இன்னும் இருக்கிறது என்றார். அது உண்மையிலேயே கைவலிதான் என்று நம்பி, கிண்ணத்து எண்ணெய் தீரும்வரை தேய்த்துக்கொண்டிருந்தேன்.